கோபாலன் தெரிந்த வழி

சென்ற கிழமை வகுப்பில் திருக்குறளின் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நன்றாய் ஆராய்ந்து செய்தும் இழந்துபோனவர் ஒருவரும் இல்லையா?" என்று வினவினான். உரையாசிரியர்களிடம் விடை தேடுமுன்பே என் நாவில் வந்து நின்ற பெயர் கோபாலன்.

வினாவுக்குக் காரணம் உண்டு. அவன் அறுகம்பே மீனவர் குடும்பத்துப் பிள்ளை. அலைச்சறுக்கிலும் வல்லவன், கிரிக்கெட்டிலும் வல்லவன். இவ்வூர்க் கடலில் நடைபெறும் அலைச்சறுக்குப் போட்டியும், கல்முனையில் நடைபெறும் கிரிக்கெட் தெரிவும் ஒரே சனிக்கிழமையில் அமைந்துவிட்டன.

சிறுவயதில், கோபாலன் என்பது ஏதோ ஓர் ஊரின் பெயரென்றே எண்ணியிருந்தேன். 'கோபாலன் கிண்ணம்' என்ற சொல் வானொலியில் கேட்டால் என் தந்தையார் பேச்சை நிறுத்திவிடுவார். 1953 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுகள் இலங்கை அணியும் சென்னை அணியும் அக்கிண்ணத்துக்காகப் பொருதின. இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1982இல்தான். அதற்கு முன் நம் ஆட்டக்காரர் தம் திறனை உரைத்துப் பார்க்கக் கிடைத்த உரைகற்கள் சிலவே. இது அவற்றுள் ஒன்று. ஆயினும், அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தோர் இங்கு மிகச் சிலர்.

எம். ஜே. கோபாலன் 1909இல் பிறந்தவர், வேகப்பந்து வீச்சாளர். விளையாட்டு வயிறு நிரப்பாத காலமாதலால், பர்மா ஷெல் நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தவர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கெதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். கைக்கொண்டது ஒரு விக்கெட். அதே ஆண்டு நவம்பரில், சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதியபோது ரஞ்சிக் கிண்ண வரலாற்றின் முதற் பந்தை வீசியவர் அவரே. அவ்வாட்டம் ஒரே நாளில் முடிந்தது.

இவர் ஹொக்கியிலும் தேர்ந்தவர். 1935இல் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்று ஆடி வந்தார். அடுத்த ஆண்டு வந்தது சோதனை: ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். கோபாலன் கிரிக்கெட்டைத் தெரிந்தார். அப்பயணத்தின் மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் அவருக்கு இடம் கிட்டவில்லை. பெர்லினிலோ, இறுதியாட்டத்தில் ஜேர்மனியை எட்டுக்கு ஒன்று என வென்று இந்தியா தங்கம் சூடியது.

'பிழைத்துவிட்டார்' என்று எழுதுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கப்பலேறியவர், தம்மைக் களத்தில் இறக்கமாட்டார்கள் என்பதை எவ்வாறு அறிவார்? ஒரு டெஸ்ட் ஆடியவர் இரண்டாவதை நாடியது இயல்பே. வினைவலியும் தன்வலியும் தூக்கிப் பார்த்தார். பிறர் மனத்தை எந்தத் தராசில் இடுவது? (பிற்காலத்து அணித்தெரிவுக் கதைகளைக் கேட்கும்போதும் எனக்கு இதே எண்ணம் எழுவதுண்டு.) அதன்பின் அவர் மட்டையை மூலையில் சாத்திவிடவுமில்லை, சென்னைக்காகப் பல்லாண்டுகள் ஆடினார், தலைமையும் தாங்கினார். மறுபடி டெஸ்ட் வாய்க்கவில்லை. 2003 டிசம்பரில், தொண்ணூறு கடந்த முதுமையில் மறைந்தார்.

இவ்வளவையும் கேட்டிருந்த மாணவன், "அவர் வருந்தினாரா, சேர்?" என்றான். அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லி மணியடிக்கும்வரை பொருட்பாலிலேயே ஒதுங்கிக்கொண்டேன். தெரிவு வருகிற சனிக்கிழமை. எந்தப் பக்கம் போகிறான் என்று அவன் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.