இரும்பின் காந்தமும் அணுக்கருவின் பங்கும்

தனிம அட்டவணையில் 26, 27, 28 ஆகிய எண்களைத் தாங்கி அடுத்தடுத்து நிற்பவை இரும்பு, கோபால்ட், நிக்கல் என்னும் மூன்று உலோகங்கள். சாதாரண வெப்பநிலையில் காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படுவனவும் தாமே காந்தமாகத் தக்கனவுமாகிய தனிமங்களைத் தேடினால் முதலில் அகப்படுவன இம்மூன்றுமே. இதே பகுதிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அணுக்கருவிலுள்ள துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கமாகப் பற்றியுள்ளன என்பதைப் பிணைப்பாற்றல் என்பர். துகள் ஒன்றுக்குரிய பிணைப்பாற்றலை எல்லாத் தனிமங்களுக்கும் கணக்கிட்டு வரைந்தால், அவ்வளைகோட்டின் உச்சியில் நிக்கல்-62 நிற்கிறது. இரும்பு-58, இரும்பு-56 ஆகியன அதனை அடுத்து நிற்கின்றன. மிக உறுதியான கருவும் மிக வலிய காந்தமும் ஓரிடத்தில் சந்திப்பதைக் காண்பவருக்கு, ஒன்று மற்றதற்குக் காரணமாகலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணம் சோதனைக்கு நிற்குமா என்பதே இங்கு நம் கேள்வி.

காந்தத்தின் பயன் நெடுங்காலமாக அறியப்பட்டதே. நீரில் மிதக்கவிட்ட காந்த ஊசியால் கடலோடிகள் திசையறிந்த முறையை, பைலக் அல்கிப்ஜாக்கி 1282இல் எழுதிய கற்களைப் பற்றிய அரபு நூலிலேயே காணலாம். காரணத்தை அறிவதுதான் தாமதமாயிற்று. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று எர்ஸ்டெட் 1820இல் கண்டறிந்த பின்னர், பொருளுக்குள் ஓயாது சுழலும் நுண்ணிய மின்னோட்டங்களே காந்தத்தின் மூலம் என்று ஆம்பியர் ஊகித்தார். சுழல்வது எது என்பதை அவர் காலத்து அறிவியலால் சொல்ல இயலவில்லை. 1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டறிந்தபின், மின்னூட்டம் பெற்றவை அணுவில் இரண்டு என்பது தெளிவாயிற்று: நடுவில் கரு, சுற்றிலும் எலக்ட்ரான்கள்.

அணுக்கருவுக்குக் காந்தத்தன்மை உண்டா? ஐயமின்றி உண்டு. புரோட்டானுக்குத் தற்சுழற்சி என்னும் பண்பு இருக்கிறது. ஆகவே அதுவும் ஒரு சிறு காந்தமே. 1933இல் ஓட்டோ ஸ்டெர்னும் ஃபிரிஷும் அதன் காந்த வலிமையை அளந்தபோது, கோட்பாடு எதிர்பார்த்ததைவிட அது இரண்டரை மடங்கு இருந்தது கண்டு வியந்தனர். இன்றைய அளவு 2.79 மடங்கு. மின்னூட்டமே இல்லாத நியூட்ரானும் காந்தமாக இருக்கிறது என்பது இதனினும் வியப்பு. அதன் உள்ளே மின்னூட்டம் பெற்ற நுண்கூறுகள் இருப்பதன் அடையாளம் அது. ஆயினும், சுழலும் மின்னூட்டத்தின் காந்த வலிமை அதன் நிறை கூடுந்தோறும் குறையும். புரோட்டான் எலக்ட்ரானைப் போல் 1,836 மடங்கு கனமானது. ஆகவே 2.79 என்ற சலுகையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், புரோட்டானின் காந்தம் எலக்ட்ரானுடையதில் ஏறத்தாழ 660இல் ஒரு பங்கே.

இனித்தான் முடிவான செய்தி வருகிறது. 1949இல் மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் தனித்தனியே வகுத்த கூட்டுக் கொள்கையின்படி, கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைகின்றன. புரோட்டான் புரோட்டானோடும் நியூட்ரான் நியூட்ரானோடும் எதிரெதிர்ச் சுழற்சியில் இணை சேர்கின்றன. இணை சேர்ந்தவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டின் எண்ணிக்கையும் இரட்டைப்படையாக உள்ள கருவில் எஞ்சுவது சுழி. இரும்பு-56இல் 26 புரோட்டான்களும் 30 நியூட்ரான்களும் உள்ளன. இயற்கையில் கிடைக்கும் இரும்பில் நூற்றுக்கு 98 பங்கு இத்தகைய இரட்டைப்படைக் கருக்களே. உலகின் தலைசிறந்த காந்தத் தனிமத்தின் அணுக்கரு, பெரும்பாலும் காந்தமே அல்லாத ஒன்று! கோபால்டின் கதை இதற்கு நேர்மாறு. அதன் கருவுக்குக் கணிசமான காந்தம் உண்டு. ஆனால் கோபால்ட் உலோகத்தில் ஓர் அணுவுக்குரிய காந்த வலிமை இரும்பினுடையதைவிடக் குறைவு.

வேறு சான்றுகளும் இதையே சொல்கின்றன. இரும்பை 770 பாகை செல்சியசுக்குமேல் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை போய்விடுகிறது. கருவோ சிறிதும் மாறுவதில்லை. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் பெரும்பகுதி இரும்புதான். ஆனால் குரோமியமும் நிக்கலும் உரிய அளவில் கலந்த வகைகளில் காந்தம் ஒட்டுவதில்லை. 1903இல் ஹாய்ஸ்லர் அறிவித்த உலோகக் கலவை இன்னும் விந்தையானது. செம்பு, மாங்கனீசு, அலுமினியம் ஆகிய மூன்றில் எதுவும் இரும்பைப் போன்ற காந்தமன்று. மூன்றும் சேர்ந்தால் காந்தமாகிறது. கலவையில் கருக்கள் மாறவில்லை. மாறியது அணுக்களின் இடைவெளியும் எலக்ட்ரான்களின் ஒழுங்குமே. பிணைப்பாற்றல் உச்சியிலிருந்து வெகு தொலைவிலுள்ள, 64ஆம் எண்ணுடைய கடோலினியமும் ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே வலிய காந்தமாகிறது. ஆக, உச்சியும் காந்தமும் ஓரிடத்தில் சந்தித்தது தற்செயலே.

அப்படியானால் மூலம் எது? எலக்ட்ரானின் தற்சுழற்சி. 1925இல் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் இதனை முன்வைத்தனர். எலக்ட்ரான்களும் இணை சேர்ந்து காந்தத்தை இழப்பவையே. ஆனால் இரும்பு அணுவின் நிரம்பாத உள்வட்டத்தில் நான்கு எலக்ட்ரான்கள் இணையின்றித் தனித்து நிற்கின்றன. தனித்து நின்றால் மட்டும் போதாது. கோடானுகோடி அணுக்களில் அவை ஒரே திசையை நோக்க வேண்டும். காந்த ஊசிகள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசை இதைச் செய்கிறது என்று கொண்டால், ஒரு கெல்வின் அளவிலான கடுங்குளிரில்தான் இரும்பு காந்தமாக இருக்க முடியும். இந்தப் புதிரை 1928இல் ஹைசன்பர்க் அவிழ்த்தார். ஒரே சுழற்சியுடைய இரு எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் இருக்கலாகாது என்ற பௌலியின் விதியால் அவை விலகி நிற்கின்றன. விலகுவதால் அவற்றிடையே மின்விலக்கம் குறைகிறது. எனவே ஒரே திசையில் நிற்பதே சில உலோகங்களில் ஆற்றலுக்குச் சிக்கனமாகிறது. காந்தத்தை ஒருங்கமைப்பது காந்த விசையன்று, மின் விசையே.

கருவின் பங்கு ஒன்றுமில்லை என்று இதனால் முடிவு கட்டலாகாது. 26 புரோட்டான்கள் இருப்பதால்தான் 26 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. எத்தனை என்பதைக் கருவும், எப்படி என்பதை எலக்ட்ரான்களும் தீர்மானிக்கின்றன. கருக்கள் தாமே ஒருங்கு கூடிக் காந்த ஒழுங்கு பெறுவதும் நிகழக்கூடியதே. செம்பின் கருக்களில் அதனை 1982இல் ஹெல்சின்கியில் கண்டனர். அதற்குத் தேவைப்பட்ட வெப்பநிலை ஒரு கெல்வினில் நூறு கோடியில் 58 பங்கு. இரும்பின் எலக்ட்ரான்களோ 1,043 கெல்வின் வரை ஒழுங்கைக் காக்கின்றன. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும்போது பயன்படுவது உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்களின் காந்தம். வலிய காந்தப் புலத்திலும் பத்து லட்சத்தில் சிலவே மிகுதியாக ஒரு பக்கம் சாய்கின்றன. அந்தச் சிலவற்றின் குரலைக் கேட்டே படம் வரையப்படுகிறது.

இரும்பிலும் நூற்றுக்கு இரண்டு பங்காக இரும்பு-57 உள்ளது. அதன் கரு மிக மெலிந்த காந்தம். 1958இல் மோஸ்பவர் கண்ட விளைவைக் கொண்டு அக்கரு வெளியிடும் காமாக் கதிரை ஆராய்ந்தபோது, அது ஏறத்தாழ 33 டெஸ்லா புலத்தில் அமிழ்ந்திருப்பது தெரிந்தது. எம்.ஆர்.ஐ. கருவிகள் பலவற்றின் புலம் ஒன்றரை டெஸ்லாவே. அக்கருவைச் சூழ்ந்த அப்பெரும் புலத்தை உண்டாக்குபவை அதனைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள்.