9,600 ரூபாய் பிரேக் பேட்: பல்லாவரத்துல இருந்து ஓஎம்ஆர் போற காருக்கு இது தேவையா?

வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், கிரெடிட் கார்டுனு பேசுற இடத்துல திடீர்னு பிரேக் பேட் ஏன்னு கேப்பீங்க. காரணம் என் நண்பன். பல்லாவரத்துல வீடு, ஓஎம்ஆர்ல வேலை, கைக்கு 62,000 சம்பளம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலோ ஜிடி வாங்கினான். முதல் வருஷமே இன்ஜின் ரீமேப்புக்கு 30,000, எக்ஸாஸ்டுக்கு 22,000, டயரோட சேர்த்து பழைய 17 இன்ச் அலாய் வீலுக்கு 48,000. மொத்தம் ஒரு லட்சம் ரூபாய், எல்லாமே வண்டி வேகமா போகவும் அழகா தெரியவும்.

போன நவம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நல்ல மழை. தங்கச்சியைக் கூட்டிட்டு துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டுல வீட்டுக்கு வந்துட்டு இருந்தான். கோவிலம்பாக்கம் பக்கத்துல முன்னாடி போன தண்ணி லாரி சட்டுனு நின்னுருச்சு. இவன் ஓங்கி மிதிச்சான். வண்டி நின்னப்போ லாரிக்கும் பானெட்டுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இல்லையாம். தங்கச்சி இன்னும் அந்தக் கார்ல முன் சீட்டுல உக்கார மாட்டேங்குறா.

மறுநாள் காலைல எனக்கு போன். "மச்சி, பிரேக் பத்தலடா. பெர்ஃபார்மன்ஸ் பேட் போடப் போறேன், முன் பக்க செட் 9,600. கடைக்காரர் பெரிய டிஸ்க், காலிப்பரோட முழு கிட்டே போட்டுடலாம், ஒரு லட்சத்து இருபதாயிரம், கார்டுல இஎம்ஐ போட்டுக்கலாம்னு சொல்றாரு. என்ன பண்ணட்டும்?"

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மிதிச்சப்போ பெடல் எப்படி இருந்துச்சு? "கால்ல டகடகன்னு அடிச்சுதுடா."

அந்த டகடகதான் ஏபிஎஸ். 2019 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல விக்குற எல்லா புதுக் கார்லயும் இது கட்டாயம். வீல் லாக் ஆகப் போறது தெரிஞ்சதும் பிரேக் அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். அதாவது, அவனோட பழைய பேடே வீலை லாக் பண்ற அளவுக்குப் பிடிச்சிருக்கு. ரோட்டைப் பிடிக்க முடியாம தோத்தது டயர். அதுக்கு மேல 9,600 ரூபாய் பேட் போட்டாலும் சரி, லட்ச ரூபாய் கிட் போட்டாலும் சரி, ஏபிஎஸ் இன்னும் கொஞ்சம் சீக்கிரமா டகடகன்னு அடிக்கும், அவ்வளவுதான். அந்த மழையில வண்டி நிக்குற தூரம் பெருசா குறைஞ்சிருக்காது.

கணக்கு பார்ப்போம். 60 கிமீ வேகம்னா நொடிக்கு 16.7 மீட்டர். கண்ணு பார்த்து கால் மிதிக்க ஒரு நொடி ஆச்சுன்னா, பிரேக் பிடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே 16 மீட்டருக்கு மேல போயிருப்பீங்க. அதுக்கப்புறம், காஞ்ச ரோட்டுல நல்ல டயர், உராய்வு 0.8-னு வெச்சுக்கிட்டா 18 மீட்டர்ல நிக்கலாம். மழையில தேஞ்ச டயர், உராய்வு 0.5-க்கு இறங்கிடுச்சுன்னா 28 மீட்டர். வித்தியாசம் 10 மீட்டர், அதாவது ரெண்டரை ஹேட்ச்பேக் நீளம். இந்தக் கணக்குல பேட் எங்கேயுமே வரலை பாருங்க.

டயரைக் கொஞ்சம் பாருடான்னு சொன்னேன். பக்கவாட்டுல நாலு இலக்கம் அடிச்சிருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அவனோட டயர்ல 2317, அதாவது 2017-ஆம் வருஷத்தோட 23-வது வாரம். பள்ளத்துக்குள்ள இருக்கிற தேய்மானக் கட்டையை ரப்பர் தொட்டுடுச்சு. அந்தக் கட்டை 1.6 மில்லிமீட்டர் உயரம், அதுதான் கடைசி எல்லை. அலாய் வீலோட 'ஃப்ரீயா' வந்த டயர்!

அப்போ பெர்ஃபார்மன்ஸ் பேட் ஏமாத்து வேலையா?

இல்லவே இல்லை. அது வேற பிரச்னைக்கான மருந்து. பிரேக் செய்யுற வேலை, ஓடுற வண்டியோட சக்தியை சூடா மாத்துறது. ஆளோட சேர்த்து 1,200 கிலோ வண்டி 60 கிமீ-ல இருந்து நிக்க சுமார் 1.67 லட்சம் ஜூல். 100 கிமீ-ல இருந்துன்னா 4.63 லட்சம். வேகம் ஒன்றே முக்கால் மடங்குக்குள்ளதான் கூடுது, சூடு கிட்டத்தட்ட 2.8 மடங்கு.

இப்போ ஏற்காட்டுல இருந்து சேலம் இறங்குறீங்க. 20 ஹேர்பின் வளைவு, சுமார் 1,200 மீட்டர் இறக்கம். அதே 1,200 கிலோ வண்டிக்கு அது 1.4 கோடி ஜூல். 100 கிமீ-ல இருந்து வரிசையா 30 தடவை நிறுத்துறதுக்குச் சமம். நியூட்ரல்ல இறங்குற புத்திசாலிகளுக்கு இதுல பெரும்பங்கு பிரேக் தலையிலதான் விழும். ரெண்டாவது கியர்ல இறங்கினா இன்ஜின் நிறைய வாங்கிக்கும், செலவும் இல்லை. கொல்லிமலையோட 70 வளைவுக்கும் இதே வைத்தியம்தான்.

சாதாரண பேட் ரொம்ப சூடானா பிடிமானம் குறையும். பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வண்டி நிக்காது. இதைத்தான் ஃபேட்னு சொல்றாங்க. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல நாலு ரவுண்டு ஓட்டினா இது நடக்கலாம். அங்க வேகமா போய், உடனே மிதிச்சு, ஆறுறதுக்குள்ள மறுபடி மிதிக்கணும். அந்த இடத்துக்குத்தான் ஈபிசி யெல்லோஸ்டஃப், ஃபெரோடோ டிஎஸ்2500 மாதிரி பேட் எல்லாம்.

ஆனா முழுக்க ரேஸுக்குன்னே செஞ்ச பேடுக்கு ஒரு குணம் உண்டு: சூடாகாம சரியா கடிக்காது. ரேடியல் ரோட்டுல கீழ்க்கட்டளை சிக்னல், கோவிலம்பாக்கம் சிக்னல்னு ஊர்ந்து போறப்போ பேட் சூடாகவே போறதில்லை. காலைல வீட்டை விட்டுக் கிளம்பி ஜிஎஸ்டி ரோடு ஏறுறப்போ ஒரு ஸ்கூட்டி குறுக்க வந்தா, அந்த முதல் மிதிதான் முக்கியம். அந்த மிதியில 1,500 ரூபாய் கம்பெனி பேட், விலை கூடின ரேஸ் பேடை ஜெயிச்சுடும். கூடவே கீச் சத்தம், வீல் முழுக்கக் கருப்புத் தூசி, சீக்கிரமா தேயுற டிஸ்க். ரோடுக்கும் டிராக்குக்கும் பொதுவா செஞ்ச பேட் இவ்வளவு மோசம் இல்லை, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி அது எந்த வெப்பநிலையில இருந்து வேலை செய்யும்னு கம்பெனியோட அட்டவணையைப் பாருங்க. கடைக்காரர் சொல்றதை இல்லை.

பேட் ஓரத்துல கம்பெனி எண்ணுக்குப் பக்கத்துல பெரும்பாலும் ரெண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல உராய்வு, ரெண்டாவது நல்லா சூடானப்போ. இ-ன்னா 0.25-ல இருந்து 0.35, எஃப்-ன்னா 0.35-ல இருந்து 0.45, ஜி-ன்னா 0.45-ல இருந்து 0.55. எஃப்எஃப்-ன்னு இருந்தா ரெண்டு நிலையிலயும் ஒரே வகுப்பு. எஃப்இ-ன்னா சூடானா இறங்குது. முதுகுத் தகட்டுல வட்டத்துக்குள்ள இ, பக்கத்துல 90ஆர்-னு இருந்தா, ஐரோப்பிய விதிப்படி அதோட பிடிமானம் ஒரிஜினல் பேடுல இருந்து 15 சதவீதத்துக்குள்ளதான் வித்தியாசப்படணும். என்னைக் கேட்டா தினசரி வண்டிக்கு இந்த முத்திரைதான் நிம்மதி.

இதுக்காக வெளிநாட்டுப் பெயர்தான் வேணும்னு இல்லை. பிரேக்ஸ் இந்தியா 1962-ல லூகாஸ் கிர்லிங் கூட்டோட பாடியில ஆரம்பிச்ச கம்பெனி. சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடிதான். ரானே பிரேக் லைனிங் அம்பத்தூர். பல்லாவரத்துல இருந்து ஒரு மணி நேரத் தூரத்துல இவ்வளவு பிரேக் தயாராகுது, நாம கப்பல்ல வர்ற டப்பாவுக்குக் காத்துட்டு இருக்கோம்.

வாங்குறப்போ பில் கேளுங்க. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல போய் வாங்கினாலும் சரி, பில்லுல பார்ட் நம்பர் இருக்கணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம், பழைய 28-ஐப் போட்டா கேள்வி கேக்கலாம். புதுப்பேட்டையில கண்ணாடி வாங்கலாம், பம்பர் வாங்கலாம். பழைய பேட் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

இப்போ நம்ம சப்ஜெக்ட்: காசு

கணக்குக்காக வருஷத்துக்கு 10,000 கிமீ ஓட்டுறீங்கன்னு வெச்சுக்குவோம். சாதாரண பேட் 2,400 ரூபாய், 35,000 கிமீ வருது: கிலோமீட்டருக்கு 7 பைசா. டிஸ்க் ஜோடி 7,000, 70,000 கிமீ வருது: 10 பைசா. ஆக 17 பைசா, வருஷத்துக்கு 1,700 ரூபாய். பெர்ஃபார்மன்ஸ் பேட் 9,600, 25,000 கிமீ: 38 பைசா. டிஸ்க் 40,000-லயே போயிடுது: 17.5 பைசா. கிட்டத்தட்ட 56 பைசா, வருஷத்துக்கு 5,600.

வித்தியாசம் மாசம் 325 ரூபாய். உண்மையைச் சொல்லணும்ல, இது யாரையும் கடனாளி ஆக்காது. மாசம் ஒரு தடவை டிராக்குக்குப் போறவர்னா தாராளமா போடுங்க, நான் தடுக்க மாட்டேன். என் எரிச்சல் அந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் கிட் மேலதான். கார்டு பாக்கிக்கு மாசம் 3.5 சதவீதம் வட்டின்னா வருஷத்துக்கு 42. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. அவசர நிதியே இல்லாதவன் பிரேக்குக்குக் கடன் வாங்குறான்!

சட்டமும் பார்த்துக்கோங்க. பேட் தேஞ்சா மாத்துறது பராமரிப்பு. ஆர்சியில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிச்சு. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்துகூட வரலாம். மாத்தினதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லலைன்னா, கிளெய்ம் சமயத்துல ரீமேப்பும் எக்ஸாஸ்டும் உங்களுக்கு எதிரா நிக்கலாம்.

யாரும் பேசாத விஷயம் ஒண்ணு: பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதுசா இருக்கப்போ குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த எல்லை 155-க்கு இறங்கிடும். ஆயில் கொதிச்சா குழாய்ல ஆவி, பெடல் தரை வரைக்கும் போகும். எவ்வளவு விலை உயர்ந்த பேடும் அப்போ உதவாது. நம்ம ஊரு ஈரக் காத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க.

நண்பன் கதைக்கு வர்றேன். 17 இன்ச் வீலை 28,000-க்கு வித்தான் (வாங்கினது 48,000, ஞாபகம் இருக்குல்ல). பரணில கிடந்த பழைய 15 இன்ச் வீலுக்கு நாலு புது டயர், 26,000. முன் பக்கம் 90ஆர் முத்திரை போட்ட பேட் 2,400, பிரேக் ஆயில் மாத்த 900. கையில இருந்து போனது 1,300 ரூபாய்.

புது பேடைப் பதப்படுத்தணும்னு மெக்கானிக் அண்ணன் சொல்லி விட்டார். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல வண்டலூர் வெளிவட்டச் சாலைக்குப் போனோம். பின்னாடி யாரும் இல்லைன்னு பார்த்துட்டு, 60-ல இருந்து 15 வரை நிதானமா ஒரு பத்து தடவை, முழுசா நிறுத்தாம. அப்புறம் பிரேக்கே மிதிக்காம கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விட்டான். திரும்பி வர்றப்போ பெருங்களத்தூர்ல டீ.

தங்கச்சி இப்போதைக்குப் பின் சீட்டு வரைக்கும் வந்திருக்கா.