நகரும் நிறுத்த விலையும் சேர்வராயன் மலைக் காபியும்

நகரும் நிறுத்த விலை என்பது, கையிலுள்ள பங்கையோ பொருளையோ எந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிட வேண்டும் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டு, விலை ஏற ஏற அந்த எல்லையையும் மேலே நகர்த்திச் செல்லும் முறையாகும். தரகர்கள் இதனை ‘டிரெய்லிங் ஸ்டாப் லாஸ்’ என்பர். விலை இறங்கும்போது எல்லை இறங்காது. இருந்த இடத்திலேயே நிற்கும். ஏறுமுகம் நீடிக்கும்வரை அதனோடு சென்று, அது முறிந்ததும் விலகுவதே இதன் நோக்கம். எல்லையை விலைக்கு எவ்வளவு கீழே வைப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் இந்தச் சிக்கல் பங்குச் சந்தைக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வந்தது. இன்றும் ஏற்காட்டைச் சுற்றி நிழல் மரங்களின் கீழ் அராபிகா வகையே பெரிதும் பயிராகிறது. அந்த மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். 1940-கள் முதல் பல பத்தாண்டுகள் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்ததால், எப்போது விற்பது என்ற கேள்வியே விவசாயிக்கு எழவில்லை. 1992 முதல் படிப்படியாகத் தளர்ந்த அந்தக் கட்டுப்பாடு 1996-இல் முற்றிலும் நீங்கியது. அன்றிலிருந்து பறித்து உலர்த்திய காபியை இன்று விற்பதா, இன்னும் ஒரு மாதம் வைத்திருப்பதா என்பது தோட்டக்காரர் தலையில் விழுந்தது. மூட்டையை வைத்திருப்பவர், தாம் அறியாமலே விலை ஏறும் என்று பந்தயம் கட்டியவர் ஆகிறார்.

இந்திய அராபிகாவின் விலை நியூயார்க் முன்பேரச் சந்தையைப் பெரிதும் ஒட்டி நகர்கிறது. அந்தச் சந்தையை ஆட்டுவது பெரும்பாலும் பிரேசில். 1975 ஜூலையில் அங்கு விழுந்த கடும் உறைபனி 1977-இல் பவுண்டுக்கு 3 டாலரைத் தாண்டிய விலை உச்சத்திற்கு வழிவகுத்தது. 2021 ஜூலை உறைபனியின்போதும் சில நாட்களில் விலை துள்ளியது. 2025 பிப்ரவரியில் விலை 4 டாலரையும் கடந்து, ஜூலையில் 3 டாலருக்குக் கீழே வந்தது.

இப்படிப்பட்ட சந்தையில் ‘உச்சத்திலிருந்து 5 விழுக்காடு இறங்கினால் விற்பேன்’ என்பது பொருந்தாத விதி. விலை 300 சென்ட் என்றால் 5 விழுக்காடு 15 சென்ட். சந்தை நாளொன்றுக்கு 5 சென்ட் அசையும் காலத்தில் 15 சென்ட் இறக்கம் கவனிக்கத்தக்க செய்தி. நாளொன்றுக்கு 12 சென்ட் அசையும் காலத்தில் அதே இறக்கம் வெறும் இரைச்சல். ஏறுமுகம் முறியாமலே விற்றுவிட நேரும். ஆகவே தூரத்தைச் சந்தையின் சொந்த அலைவைக் கொண்டே அளக்க வேண்டும்.

அதற்கான அளவுகோலை அமெரிக்க இயந்திரப் பொறியாளரான வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட நூலில் தந்தார். அதனைச் ‘சராசரி உண்மை வீச்சு’ எனலாம். ஒரு நாளின் அதிக விலைக்கும் குறைந்த விலைக்கும் உள்ள வேறுபாடு வீச்சு. இது பள்ளிப் புள்ளியியலில் படித்ததுதான். ஆனால் நேற்று 300-இல் முடிந்த விலை இன்று 304-க்கும் 312-க்கும் இடையே மட்டும் நடந்தால், வீச்சு 8 என்பது உண்மையைக் குறைத்துக் காட்டும். நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சம் வரை விலை 12 நகர்ந்திருக்கிறது. எனவே இன்றைய வீச்சு, நேற்றைய முடிவிலிருந்து இன்றைய உச்சத்தின் தூரம், அதே முடிவிலிருந்து இன்றைய தாழ்வின் தூரம் ஆகிய மூன்றில் பெரியதை எடுக்க வேண்டும். இங்கு அது 12. வைல்டர் 14 நாள் சராசரியைக் கையாண்டார்: பழைய சராசரியை 13-ஆல் பெருக்கி, இன்றைய மதிப்பைக் கூட்டி, 14-ஆல் வகுத்தார். பழைய சராசரி 9 எனில் புதியது 129/14, அதாவது ஏறத்தாழ 9.2.

நிறுத்த விலையைக் கணக்கிட, வாங்கிய நாளிலிருந்து எட்டிய உச்ச விலையிலிருந்து இந்தச் சராசரியின் 3 மடங்கைக் கழிப்பது பரவலான வழக்கம். உச்சம் 312 எனில் 312 − 27.6 = 284.4. உச்சத்திலிருந்து தொங்குவதால் இதற்குச் ‘சரவிளக்கு வெளியேற்றம்’ என்று பெயர் வந்தது. அமெரிக்கரான சக் லெபோ இதனை அறிமுகப்படுத்தியவராகக் கூறப்படுகிறார்.

சில நாள் கழித்து உச்சம் 318, சராசரி 10 என்றால் எல்லை 288-க்கு ஏறும். மறுநாள் புதிய உச்சம் இல்லாமலே சந்தை கொந்தளித்து, அன்றைய உண்மை வீச்சு 24 ஆனால், சராசரி 11 ஆகும். கணக்கோ 318 − 33 = 285 என்று காட்டும். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். எல்லை 288-இலேயே நிற்க வேண்டும். கொந்தளிப்பைக் காரணம் காட்டி எல்லையைக் கீழிறக்க அனுமதித்தால், ஆபத்து கூடும் நேரத்தில் காவல் தளர்ந்துவிடும்.

பெருக்கும் எண் 3 ஒன்றும் வேதவாக்கன்று. 2 வைத்தால் சிறு சறுக்கலிலேயே வெளியேற்றம் நிகழும். 4 வைத்தால் போக்கு முறிந்த பிறகு இலாபத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேரும். 1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் பயிற்றுவித்த ‘ஆமைகள்’ குழுவினர், தொடக்க நிறுத்த விலையை 20 நாள் சராசரியின் 2 மடங்கில் வைத்தனர். இலாபத்தில் வெளியேற மட்டும் 10 அல்லது 20 நாள் தாழ்வைப் பார்த்தனர். எந்த எண்ணாயினும் முன்பே தீர்மானிக்க வேண்டும். சரக்கு கையில் இருக்கும்போது எண்ணை மாற்றுபவர் விதியைப் பின்பற்றவில்லை, ஆசையைப் பின்பற்றுகிறார்.

இந்த முறை ஒருபோதும் உச்சியில் விற்றுத் தராது. உச்சிக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள 3 மடங்கு, போக்கோடு செல்வதற்குக் கொடுக்கும் கூலி. போக்கில்லாமல் மேலும் கீழும் அலையும் சந்தையில் இந்தக் கூலியைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும். விற்றபின் விலை மீண்டும் எழுவதும் உண்டு: 2025 ஆகஸ்டில் பிரேசில் பொருட்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு சுங்கவரி விதித்த சமயத்தில் காபி விலை மறுபடி ஏறியது. மேலும், வார இறுதியில் செய்தி வந்து திங்களன்று விலை எல்லையைத் தாண்டிக் கீழே திறந்தால், குறித்த விலை கிடைக்காது. திறந்த விலைதான் கிடைக்கும்.

மலையில் மூட்டை வைத்திருப்பவருக்கு இன்னும் சில வேறுபாடுகள் உள்ளன. நியூயார்க் சந்தை முடியும்போது இங்கே இரவு; விற்பனை மறுநாள் வியாபாரியிடம்தான். சென்ட் கணக்கை ரூபாய்க்கு மாற்ற வேண்டும். டாலர் மதிப்பும் நகரும். அதனால் உள்ளூர் வியாபாரி 50 கிலோ மூட்டைக்குச் சொல்லும் விலையை நாள்தோறும் நோட்டில் குறித்து, அதிலேயே அலைவைக் கணக்கிடுவது நல்லது. ஒரு நாளுக்கு ஒரே விலை மட்டும் கிடைக்குமானால், அடுத்தடுத்த நாட்களின் விலை வேறுபாட்டை வீச்சாகக் கொள்ளலாம். அளவு சற்றுக் குறைவாக வரும், ஆகவே பெருக்கும் எண்ணைக் கூட்ட வேண்டும். பங்கைப் போலன்றி, மழைக்கால ஈரக்காற்றில் காபியின் நிறமும் தரமும் குன்றும். கடன் வட்டியும் ஏறும். இதனால் நிறுத்த விலையோடு ஒரு கடைசித் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டியுள்ளது. கூலிக்கும் உரத்துக்கும் தேவையான மூட்டைகளை அறுவடை முடிந்தவுடன் விற்றுவிட்டு, மீதியை மட்டும் இந்த விதிக்கு உட்படுத்தலாம்.