தூங்கானை மாடமும் சாந்தோம் கோபுரமும்

செம்பாக்கத்துக்காரருக்கு ‘ஏப்ஸ்’ என்றால் என்னவென்று காட்ட ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். பக்கத்து மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கருவறையைப் பின்பக்கமாகச் சுற்றி வந்தால் போதும். சுவர் மூலை திரும்பாமல் வளைந்தே போகும். படுத்த யானையின் பின்புறச் சாயல் என்பதால் இதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் பணி.

அதே காலத்தில் ஐரோப்பியத் தேவாலயங்களிலும் பீடத்துக்குப் பின்னால் சுவரை இப்படித்தான் வளைத்தார்கள். அந்த வளைவுதான் ஏப்ஸ். வேர் மட்டும் வேறு. இங்கே பௌத்தச் சைத்தியங்களிலேயே அது உண்டு; அங்கே ரோமானியப் பொதுமன்றத்தில் நீதிபதி அமர்ந்த வளைவுக்குப் பலிபீடம் குடிவந்தது.

கருவறை சாமிக்கு மட்டும், அதனால் சிறியது. தேவாலயத்திலோ கூட்டம் முழுவதும் உள்ளே வர வேண்டும். ஆகவே வாசலிலிருந்து பீடத்தை நோக்கி நீண்ட நடுக்கூடம், ‘நேவ்’. தூண்வரிசைக்கு அப்பால் இருபுறமும் ‘ஐல்’. பீடத்துக்கு முன்னால் குறுக்கே ஓடும் ‘டிரான்செப்ட்’ சேர்ந்ததும் தரைப்படம் சிலுவையாகிவிடும். ஸ்பெயினின் சந்தியாகோ போன்ற யாத்திரைத் தலங்களில் பீடத்துக்குப் பின்னால் திருச்சுற்றுகூட உண்டு.

அகலக் கூடத்துக்குக் கல்லிலேயே கூரை போடத் துணிந்தபோதுதான் தலைவலி தொடங்கியது. சோழச் சிற்பி கற்களை அடுக்கடுக்காக உள்நோக்கி நீட்டி மூடினார். பாரம் நேரே கீழே இறங்கியது. வளைவுக் கூரை அப்படியல்ல, சுவரை வெளியே தள்ளும். ஐரோப்பாவின் கோதிக் பாணிக் கொத்தர்கள் வளைவின் உச்சியைக் கூராக்கி அந்தத் தள்ளலைக் குறைத்தார்கள். மிச்சத்தைத் தாங்கிக்கொள்ள வெளியே தனியாக நிற்கும் தாங்குசுவர்களிலிருந்து அரைவளைவுகளை நீட்டி முட்டுக்கொடுத்தார்கள். அதுவே ‘ஃபிளையிங் பட்ரஸ்’. ஆசைக்கும் அளவில்லை: பிரான்சின் போவே நகரில் சுமார் 48 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய கூரையின் ஒரு பகுதி 1284இல் இடிந்து விழுந்தது.

நம் சென்னையின் சாந்தோம் பேராலயம் 1896இல் எழுந்த பிற்காலக் கோதிக். கூரை மரம் என்பதால் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அடுத்த முறை போனால் 155 அடி உயரக் கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே தள்ளிக் கூரைமேல் சிறிய கோபுரம் ஒன்று இருக்கிறது. புனித தோமாவின் கல்லறை என்று போற்றப்படும் இடத்தை அது அடையாளம் காட்டுகிறது. வாசலில் ராஜகோபுரத்தை ஓங்கவிட்டு, மூலவர்மேல் விமானத்தைச் சிறிதாக வைத்த நம் பிற்காலக் கோயில்களிலும் இதே கணக்குதான்.