அம்பின் வாலில் மூன்று சிறகுகள்

விஜயதசமி நாளில் திருவரங்கத்து நம்பெருமாள் காட்டழகிய சிங்கர் கோயிலுக்கு எழுந்தருளி அம்பு போடும் காட்சியைத் திருவானைக்காவல் பக்கத்தில் உள்ளவர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் சிறுவர்கள் மூங்கில் சிம்பை வளைத்து வில் செய்வார்கள். தென்னை ஈர்க்கு அம்பாகும். அந்த அம்பு குறியை நோக்கி நேராகப் போகிறதா? நாலடி போனதும் குறுக்காகத் திரும்பிக் கீழே விழுகிறது. “உனக்குக் கை பழகவில்லை” என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் குற்றம் கையில் இல்லை. அம்பின் வாலில் இருக்கிறது. அங்கே சிறகு இல்லை!

சிறகு எதற்கு?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு சாண் நீளமுள்ள ஈர்க்கின் ஒரு நுனியில் சுண்டைக்காய் அளவு களிமண்ணை உருட்டி ஒட்டுங்கள். மறு நுனியில் கெட்டித் தாளால் மூன்று சிறு சிறகுகள் ஒட்டிக் கையால் எறியுங்கள். களிமண் முன்னாக நேரே செல்லும். இப்போது அதையே தலைகீழாகப் பிடித்து, சிறகு முன்னே இருக்கும்படி எறியுங்கள். போகும் வழியிலேயே அது திரும்பிக்கொண்டு, களிமண் முன்னாகவே தரையைத் தொடும்.

காரணம் என்ன? பறக்கும் பொருள் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே திரும்பும். காற்றின் விசையோ அழுத்த மையம் என்னும் இடத்தில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அழுத்த மையம் பின்னால் இருந்தால், அம்பு சற்றே கோணும்போது காற்று அதன் வாலைத் தள்ளி மீண்டும் நேராக்கும். அது முன்னால் இருந்தால் கோணல் மேலும் வளரும். காற்றுத்திசை காட்டியின் அகன்ற வால் எப்போதும் காற்று போகும் பக்கமே திரும்பி நிற்பது இதனால்தான். அம்புக்கு வேறு காற்று வேண்டுவதில்லை. வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் அம்பு, மணிக்கு 216 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

தீபாவளி ராக்கெட்டில் நீண்ட குச்சி கட்டுவதும் இந்தத் தத்துவத்தை ஒட்டியதே. 1967-ல் தும்பாவிலிருந்து ஏவப்பட்ட ரோகிணி ஆர்.எச்.-75 ராக்கெட்டின் அடியில் இருந்த துடுப்புகளும் அம்பின் சிறகுக்கு உறவினர்களே.

எங்கே ஒட்டுவது?

70 செ.மீ. நீளமுள்ள அம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முனையின் எடையால் அதன் ஈர்ப்பு மையம் நடுவில் இராது. முனையிலிருந்து ஏறக்குறைய 27 செ.மீ. தொலைவில் இருக்கும். சிறகின் நடுப்பகுதி வால் நுனியிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால், ஈர்ப்பு மையத்துக்கும் சிறகுக்கும் இடையே 38 செ.மீ. கிடைக்கும். அதே சிறகை அம்பின் நடுவில் ஒட்டினால் கிடைப்பது 8 செ.மீ. மட்டுமே. திருப்புத்திறன் என்பது விசையும் தொலைவும் பெருகி வருவது அல்லவா? ஆகவே நடுவில் ஒட்டிய சிறகு ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் செய்யும்.

அப்படியானால் வால் நுனியிலேயே ஒட்டிவிடலாமே என்று கேட்கலாம். நாணைப் பிடிக்கும் விரல்கள் அங்கே இருக்கின்றன. அவை சிறகை நசுக்காதிருக்க, நுனியிலிருந்து இரண்டு, இரண்டரை செ.மீ. விட்டு ஒட்டுவது வழக்கம்.

ஏன் மூன்று?

இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சிறகுகள் மட்டும் இருந்தால், அவை ஒரே தட்டையான பலகை போலாகும். மேல்கீழ் அசைவைத் தடுக்கும். பக்கவாட்டு அசைவைத் தடுக்காது. மூன்று சிறகுகளை 120 பாகை இடைவெளியில் வைத்தால், அம்பு எந்தப் பக்கம் கோணினாலும் திருத்தும் விசை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். கணித மாணவர்கள் சரிபார்க்கலாம்: எந்தக் கோணத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் சைன், அதோடு 120 பாகை, 240 பாகை கூட்டிய கோணங்களின் சைன் ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் விடை எப்போதும் ஒன்றரைதான்.

மூன்றில் ஒரு சிறகு வேறு நிறத்தில் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காக அன்று. நாண் பொருந்தும் பிளவுக்குச் செங்குத்தாக, வில்லின் உடலுக்கு எதிர்ப்புறம் நோக்கி அது நிற்க வேண்டும். அப்போது மற்ற இரண்டும் வில்லில் உரசாமல் கடந்து செல்லும். நிறம், அம்பை நாணில் பொருத்தும்போது வில்வீரருக்கு இடப்படும் அடையாளம்.

வீட்டில் ஒட்டும்போது

தண்டின் விட்டம் 6 மி.மீ. என்றால் சுற்றளவு 18.8 மி.மீ. அவ்வளவு நீளத் தாள் பட்டையை மூன்றாக மடித்துத் தண்டில் சுற்றினால் 6.3 மி.மீ.க்கு ஒரு குறி கிடைக்கும். முறை எளியது, ஆனால் ஓர் ஆபத்து உண்டு. இங்கே 1 மி.மீ. என்பது 19 பாகை! பென்சில் கோட்டின் தடிப்பாகிய அரை மி.மீ. தவறினாலும் ஒன்பது பாகைக்கு மேல் பிசகிவிடும். அதனால்தான் தண்டைப் பற்றிக்கொண்டு 120 பாகை தோறும் திருப்பி நிறுத்தும் சிறு கருவியை வில்வீரர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஒட்டுமிடத்தை முதலில் சாராயத்தால் துடைத்துக் காயவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டு நிற்காது. இறகைப் பயன்படுத்துவோர், பறவையின் இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் ஓர் அம்பில் கலக்கக் கூடாது. அவற்றின் வளைவு எதிரெதிரானது.

சிறகைச் சற்றே சாய்த்தும் ஒட்டலாம். 45 மி.மீ. நீளச் சிறகின் முன் நுனியை ஒன்றரை மி.மீ. விலக்கினால் சாய்வு ஏறக்குறைய 2 பாகை. அம்பு பறக்கும்போது சுழலத் தொடங்கும். பம்பரம் போல் நிலைத்து நிற்பதற்காகவே இந்தச் சுழற்சி என்று பலர் நினைப்பர். அம்பைப் பொறுத்தவரை அதன் முக்கியப் பணி வேறு. தண்டிலோ சிறகிலோ உள்ள சிறு கோணல், சுழலாத அம்பை ஒரே பக்கமாக இழுத்துச் செல்லும். சுழலும் அம்பில் அந்த இழுப்பு ஒரு நொடி இடப்புறமும் மறு நொடி வலப்புறமுமாக மாறிப் பெரும்பாலும் தானே அழிந்துபோகும். மூன்று சிறகுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது இன்றியமையாதது.

யார் மீது குற்றம்?

ஒலிம்பிக் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 செ.மீ. நடுவிலிருந்து ஒரு பாகையில் இருபதில் ஒரு பங்கு விலகினாலே அம்பு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். ஆகவே ஓர் அம்பு நன்றாக இருப்பதைவிட, எல்லா அம்புகளும் ஒன்றுபோல் இருப்பதே முக்கியம். எல்லாம் ஒரே அளவு பிசகினால் குறிபார்க்கும் முள்ளை நகர்த்திச் சரிசெய்யலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிசகினால் எந்தப் பயிற்சியும் உதவாது.

எனவே பயிற்சி செய்யும் மாணவர்கள் அம்புகளுக்கு எண் இட்டு, எந்த எண் எங்கே தைத்தது என்று நோட்டில் குறித்து வர வேண்டும். அம்புகள் எல்லாம் சிதறினால் கையைத் திருத்துக. நான்காம் எண் அம்பு மட்டும் நாள்தோறும் இடப்புறமே போனால் அந்த அம்பின் சிறகைப் பாருங்கள். தண்டில் கீறல் இருந்தால் அதை எய்யவே கூடாது; விடும்போது முறிந்து கையில் பாயக் கூடும்.

“எனக்கு வராது” என்று வில்லைக் கீழே வைத்த மாணவர்களில் சிலர், சரியாக ஒட்டாத ஒரு சிறகின் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர்களாக இருக்கலாம். தவறு நம்மிடமா, கருவியிடமா என்று அளந்து பார்த்துச் சொல்வதுதான் இயற்பியலின் முதற்பாடம். அடுத்த விஜயதசமிக்கு வீட்டுச் சிறுவன் ஈர்க்கு அம்போடு வந்தால், மூன்று தாள் சிறகுகளை ஒட்டிக் கொடுங்கள். அவன் கை எவ்வளவு நேரானது என்பது அப்போது தெரியும்.