கூத்துக்குக் கட்டுச்சோறு



திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா நம்ம வடமாவட்டங்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். நடுராத்திரியில் பிள்ளைங்க பசின்னு சிணுங்கும். கடைப் பண்டம் வாங்கியே குழுவுக்குக் கட்டவேண்டிய வாரச் சேமிப்பு கரைஞ்சிடும்.

புளிச்சோறு கட்டுவோம். புளியும் நல்லெண்ணெயும் சீக்கிரம் கெடவிடாது. ஆனால் சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து, தண்ணி விட்டு, சோறு ஊசிப்போகும். தாம்பாளத்தில் பரப்பி, நல்லா ஆறவிட்டுத்தான் கட்டணும். தயிர்ச்சோற்றுக்கு, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் விட்டால் போதும். சாப்பிடும் நேரத்தில் புளிக்காமல் பதமாக இருக்கும். இட்லிக்கு மிளகாய்ப்பொடிதான். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம்.

பார்க்கவும் அழகா இருக்கணுமே! வாழை இலையைத் தணலில் லேசா வாட்டினால் கிழியாமல் மடங்கும். ஆளுக்கொரு பொட்டலம், வாழைநாரால் கட்டு. பிரிச்சதும் மணக்கும், தட்டும் அதுவே. பிளாஸ்டிக் தாளுக்கும் கைப்பைக்கும் தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் தடை இருக்கு. தண்ணீருக்குத் தூக்குவாளி.

கட்டியக்காரன் சிரிக்க வைக்கும்போதே சாப்பிட்டு முடிச்சிடுவோம். துகிலுரியும் கட்டத்தில் யாருக்குச் சோறு இறங்கும்? விடிஞ்ச பிறகு மிச்சமிருந்தால் பிள்ளைங்களுக்குக் கொடுக்க வேண்டாம்.