செல்போனில் வந்தது பணம்! வறுமையில் இருந்து மீண்ட 1.94 லட்சம் குடும்பங்கள்

ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கையில் பணம் இருக்கு. அதை எப்படி அனுப்புவது?

கென்யாவின் தலைநகர் நைரோபியில் பிழைக்கப் போனவர்களை ஒரு காலத்தில் வாட்டி எடுத்த கவலை இது. பல கிராமங்களில் பேங்க் கிடையாது. பஸ் டிரைவரிடமோ, ஊருக்குப் போகும் சொந்தக்காரரிடமோ கவரில் போட்டுக் கொடுப்பார்கள். போய்ச் சேர்ந்தால் உண்டு. இல்லாவிட்டால் அம்போதான்!

பெட்டிக்கடையே பேங்க்

2007-ம் ஆண்டு மார்ச் மாதம் 'சபாரிகாம்' என்ற டெலிபோன் கம்பெனி 'எம்-பெசா'வைக் கொண்டு வந்தது. ('பெசா' என்றால் சுவாகிலி மொழியில் பணம். நம்ம 'பைசா'தான் கப்பலேறிப் போய் அப்படி ஆனது!)

பெட்டிக்கடையில் பணத்தைக் கட்டினால் போன் கணக்கில் ஏறும். ரகசிய எண்ணைத் தட்டினால் ஊரில் இருப்பவருக்கு எஸ்.எம்.எஸ். போகும். அவர் பக்கத்துக் கடையில் அடையாள அட்டையைக் காட்டி ரொக்கமாக வாங்கிக்கொள்வார். சாதாரண பட்டன் போன் போதும். 'நெட்' தேவை இல்லை.

இதன் பலனை தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற 2 பொருளாதார நிபுணர்கள் 2016-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 1 லட்சத்து 94 ஆயிரம் குடும்பங்கள் வறுமையில் இருந்து மீண்டன. 1 லட்சத்து 85 ஆயிரம் பெண்கள் விவசாயத்தை விட்டு வியாபாரத்துக்கு வந்தார்கள்.

நோய்நொடி என்றால் உறவுக்காரர்கள் நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் உடனே அனுப்பி விடுகிறார்கள். வீட்டில் அடுப்பு அணைவதில்லை.

கடனும் வந்தது

2019-ல் 'புலிசா' என்ற கடன் வந்தது. கணக்கில் பணம் குறைந்தால் கைமாற்று கிடைக்கும். அடுத்து விழும் பணத்தில் முதலில் கடன் பாக்கி கழியும்.

அது அம்மாவின் மருந்துக்கு மகன் அனுப்பிய பணமாக இருந்தாலும் சரி!